புகை அறையின் கதவு

என் நகக்கண்ணில் இருப்பது அழுக்கு அல்ல, கரி. உங்கள் பெண் காவலர் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போனார். அவர் மீது தப்பில்லை. புகையில் வேலை செய்கிறவர்களுக்கு அது போகாது. நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் குறுக்கே விழுந்து கேள்வி கேட்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

செத்துப்போனவள் என் கூடப்பிறந்தவள். வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். அவள் மண்ணில் சிலை செய்வாள். தோள் உயரத்துக்குப் பெண்கள், எல்லாருக்கும் நீளமான கழுத்து. நான் அதற்குப் புகை போடுவேன். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். காய்ந்த சிலையை முதலில் சூளையில் சுடுவோம். அப்போது அது வெறும் செங்கல் நிறம். பிறகு புகை அறையில் நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி, கொளுத்தி, இரும்புக் கதவைச் சாத்திவிடுவோம். தூள் திகுதிகுவென்று எரியாது; கனிந்துகொண்டே இருக்கும். அந்தப் புகை மண்ணுக்குள் இறங்கிக் கருப்பாகும். நடுவில் கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து தணல் தீயாகிவிடும். பிடித்த கருப்பு வெளுக்கும், சிலை விரிசல் விடும். ஆறும்வரை கதவைத் தொடக் கூடாது. எங்கள் பட்டறையில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

சின்னவளை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியாக நடந்த கண்காட்சியில் ஒரு பெரிய மனிதர், முகத்தில் பாதிக்குக் கண்ணாடி போட்டவர், ஒரு சிலையின் கழுத்தருகே குனிந்து நின்றார். அங்கே கருப்புக்கு நடுவில் ஒரு வெளிர்ந்த கோடு, தாலாட்டுகிற கை தடவிவிட்ட மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அந்தக் கழுத்தில் சுற்றி, எந்தப் பக்கம் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து நான் கொண்டுவந்த கோடு அது. "இது எப்படிம்மா வந்தது?" என்று அவர் கேட்டார்.

"அது தானா வந்தது சார்" என்றாள் சின்னவள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய கைப்பையை வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். வந்தது. அன்றைக்கு வந்தது இன்னும் போகவில்லை. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து அவளுக்குச் சாப்பாடு போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் வேறு இடத்தில் தனிப் பட்டறை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். காலில் விழுந்து அழாத குறையாக நான் கேட்டேன்: அப்படியென்றால் புகைக்கு என்ன செய்வாய்? அவள் சிரித்தாள். அவளிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காததும்.

"புகை போடறதுல என்னக்கா பெரிய வித்தை இருக்கு? தூளைக் கொட்டிக் கொளுத்தி மூடறதுதானே. இத்தனை வருஷம் பார்த்துட்டுதானே இருக்கேன். இந்தத் தடவை நானே போட்டுப் பழகிக்கறேன். நீ சும்மா உட்காரு."

உட்கார்ந்தேன். அவள் வேலை செய்தாள். தூளை அவசர அவசரமாகக் கொட்டினாள், ஈரத் துணி எதையும் சுற்றவில்லை, கொளுத்தினாள், கதவைச் சாத்தினாள். நான் உப்புக்குச் சப்பாணியாக ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு, இன்னும் சுடாத ஒரு சிலையின் முதுகைக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கத் தேய்க்க மண் மினுமினுக்கும். மனதுக்கு இதமான வேலை.

மறுநாள் மதியம் அவள் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "புகையே இல்லக்கா. முடிஞ்சுடுச்சு போல" என்றாள். இது புகை போடத் தெரியாதவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. கண்ணுக்குத் தெரிகிற புகை நின்ற பிறகும் தூளின் அடியில் தணல் கிடக்கும். அப்போதுதான் அந்த அறை ஆபத்து. மூச்சு விட உள்ளே நல்ல காற்றே இருக்காது. வெறும் சூடு மாதிரிதான் தெரியும். அதனால் மேலே புகைபோக்கியை மூடியிருக்கிற தகட்டைத் திறந்து நெடுநேரம் விட்டுவிட்டுத்தான் நான் உள்ளே கால் வைப்பேன். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் தெரியும் என்று சொன்னவளிடம் என்ன சொல்லிக் கொடுப்பது? அவளும் கேட்கவில்லை.

இல்லை, அதைத் திருத்தி எழுத வேண்டும். கேட்டாள். கதவில் கையை வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "மேல் தகடு திறந்தாச்சாக்கா? உள்ளே போகலாமா?" என்று கேட்டாள். அவ்வளவு நேரம் சும்மா உட்காரு என்றவள் அப்போது கேட்டாள். "திறந்தாச்சு, போ" என்றேன். தகடு மூடித்தான் இருந்தது. நான் ஏறித் திறக்கவே இல்லை.

அவள் கதவை இழுத்து உள்ளே போனாள். கடைசிச் சிலைவரைக்கும் போயிருப்பாள். திரும்பி வரும்போது நடை தள்ளாடியது, எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. வாசலுக்கு வந்து விழுந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டாள். பட்டறையில் அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அப்படிக் கூப்பிடுவாள், சுத்தியல் எங்கே, துணி எங்கே என்று. எப்போதும் சொல்வதைத்தான் அப்போதும் சொன்னேன். "இதோ வரேன்" என்றேன். கையில் இருந்த வேலையை முடித்துக் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கதவு திறந்து கிடந்தது. அதற்குள் காற்றுப் புகுந்து உள்ளே தணல் சிவக்க ஆரம்பித்துவிட்டது. கருப்பெல்லாம் போய்விடும். சாத்தலாம் என்று பார்த்தால் அவளுடைய ஒரு கால் நிலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, செருப்பு கழன்று கிடந்தது. கால் சூடாகத்தான் இருந்தது. விரல்கள் அசைந்தன. அதை மெல்ல மடக்கி உள்ளே வைத்தேன். செருப்பையும் மாட்டிவிட்டேன். கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். கதவு மூடியே இருந்தால் போதாதா, தாழ்ப்பாள் எதற்கு என்று நீங்கள் கேட்டபோது பழக்கதோஷம் என்று சொன்னேன். அது பொய். உள்ளேயிருந்து லேசாகத் தட்டினாள்.

ஆகவே, என் தங்கையை நான்தான் கொன்றேன். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. ஆனால் ஆத்திரத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுடைய சிலைகள் பாழாகிவிடக் கூடாது என்பதற்காகக் கதவைச் சாத்தினேன். வேலையில் எனக்கு இருந்த அக்கறை அவளுக்கு இருந்ததில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அடுத்த நாள் எல்லாம் ஆறிய பிறகு தகட்டைத் திறந்து, காத்திருந்து, முறைப்படிதான் உள்ளே போனேன். குனிந்து அவள் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன். பிறகு வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, டீ போட்டு நிதானமாகக் குடித்துவிட்டு, உங்களுக்குப் போன் செய்தேன். சிலைகள் எப்படி வந்திருக்கின்றன என்று இன்று காலை நீங்கள் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவற்றை நான் பார்க்கவே இல்லை.