கெட்டி ராடால் ஒட்டிய காது

எனக்கு வயது நாற்பத்தாறு. தொழில் வெல்டிங். கல்லுடைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அதே தெருக்கோடியில், இரும்புப் படிக்கட்டு வைத்த மாடி வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பட்டறையில் என்னை உம்மணாமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சிகள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்பதால் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் பட்டறையில் காயம்பட்ட ஃபிட்டர் என் தங்கை புருஷன். இரும்புத் தகடு விழுந்து அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. தகட்டைத் தூக்குவதற்கான வளையத்தை நான் அஜாக்கிரதையாக ஒட்டியதால்தான் அது விழுந்தது என்று அவரே சொல்லி, அதன்பேரில் என் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த வளையத்தை நான் ஒட்டவில்லை. அவரைப் பட்டறையில் சேர்த்துவிட்டது மட்டும்தான் நான். அதற்கே இத்தனை அனுபவிக்கிறேன்.

சம்பவத்தன்று காலையில் கல்லுடைக்கும் இயந்திரத்தின் தாடைத் தகடு ஒன்று வந்தது. கல்லைக் கடித்துக் கடித்து அதன் பற்கள் மழுங்கியிருந்தன. மாங்கனீஸ் எஃகுத் தகடு அது. சூடு ஏறினால் நொறுங்கும் குணம் கொண்டது. ஒட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கை வைத்தால் சூடு பொறுக்கும்படி நிதானமாகச் செய்ய வேண்டும். நான் முதலில் ஸ்டெயின்லெஸ் வெல்டிங் ராடில் ஓர் அடுக்குப் போட்டு, அதன் பிறகு அதன் மேல் கெட்டி ராடில் பற்களைக் கட்டி முடித்தேன்.

மேலே நான் கெட்டி ராடு என்று சொன்னதை வாக்குமூலம் எழுதும் காவலர் ‘உறுதியான கம்பி’ என்று எழுதிவிட்டார். அடிக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே, இதுதான் நல்ல தமிழ் என்றார். நான் சத்தம் போட்டேன், அதிகாரி மேசையைத் தட்டினார், அதன் பிறகு அடித்துத் திருத்தினார்கள். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.

சத்தம் போட்டதற்குக் காரணம் உண்டு. கெட்டி ராடு என்பது நாங்கள் வைத்த பெயர். அது கல் தேய்க்கும் இடத்தில் மேல்பூச்சாகப் போடுகிற ராடு. அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவு கெட்டி. ஆனால் போட்டு ஆறும்போதே டிக் டிக் என்று குறுக்கே விரிசல் விடும். பல்லின் மேல் அந்த விரிசல் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, அதன் சுபாவமே அப்படி. ஆனால் இரண்டு இரும்பை அதைக்கொண்டு ஒட்டி எடையைத் தொங்கவிட்டால் விரிசலோடு பிய்ந்து வரும். பீங்கான் கோப்பையும் கெட்டிதான், கீழே போட்டுப் பாருங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன். ஒட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ் ராடுதான். அது இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. பெயரைக் கேட்டு ராடு எடுப்பவன் வெல்டரே இல்லை.

பற்களை முடித்ததும், தகட்டின் பழைய தூக்கு வளையம் பிய்ந்திருப்பதைப் பார்த்தேன். அதை நாங்கள் காது என்போம். அந்த நேரத்தில் முதலாளி என்னைக் குவாரிக்குப் போய் ஒரு பொக்லைன் பக்கெட்டை ஒட்டிவிட்டு வரச் சொன்னார். “காதை நான் வந்து ஒட்டறேன், யாரும் கை வைக்காதீங்க” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, மீதியிருந்த ஸ்டெயின்லெஸ் ராடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். கெட்டி ராடுகள் மேசை மேல் கிடந்தன.

ஏன் பூட்டினாய் என்று இங்கே பலமுறை கேட்டுவிட்டீர்கள். அந்த ராடு வாங்க முதலாளியிடம் நாயாய்ப் பேயாய்க் கத்த வேண்டியிருக்கும். வெளியே கிடந்தால் ஈரம் குடிக்கும். அதைவிட, மாப்பிள்ளை அதை எடுத்துத் தன் பைக் ஸ்டாண்டை ஒட்டிக்கொண்டவர். கேட்டதற்கு, “என்ன மச்சான், தங்கத்துலயா செஞ்சிருக்கு?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அன்றிலிருந்து நானும் அவரும் பேசுவதில்லை, அலமாரியும் திறந்து கிடப்பதில்லை. பூட்டியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் பூட்டித்தான் இருக்கிறது.

நான் போன பிறகு நடந்ததைக் கிரைண்டிங் மெஷினில் வேலை செய்யும் ஒரு அம்மா பார்த்திருக்கிறார், அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். தகட்டை அனுப்பச் சொல்லி முதலாளிக்குப் போன் வந்திருக்கிறது. அதன் பிறகு அவர் மாப்பிள்ளையிடம், “அவன் வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்க முடியாது. அதான் கெட்டி ராடு கெடக்குல்ல, எடுத்துக் கெட்டியா நாலு இழுப்பு இழு” என்றிருக்கிறார். ஃபிட்டருக்கு வெல்டிங் அரைகுறை, வாய் மட்டும் கெட்டி. உடனே முகமூடியை மாட்டிக்கொண்டு அந்த ராடாலேயே காதை ஒட்டியிருக்கிறார். அதன் பிறகு கொக்கியை மாட்டிச் சங்கிலியில் தூக்கி, தகடு இடுப்பு உயரம் வந்தபோது அதன் அடியில் காலை விட்டு மரக்கட்டையை நகர்த்தியிருக்கிறார். காது பிய்ந்துவிட்டது.

நான் திரும்பி வந்தபோது ஜாக்கி வைத்துத் தகட்டை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து “மச்சான்” என்றார். பேசாமலிருந்த மனுஷன் அவராகவே கூப்பிட்டார். அவர் தோளைப் பிடித்து இழுத்தது நான்தான், வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுபோனதும் நான்தான். அதே வாயால்தான் பிறகு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஆஸ்பத்திரிக்குப் போய் நேரில் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “முதலாளி சொன்னபடி சொல்லலேன்னா என்னைக் கை கழுவிடுவாரு மச்சான். ஒனக்கு ரெண்டு காலும் இருக்கு” என்றார். கட்டிலோடு சேர்த்து அவரைத் தூக்கிப் போட வேண்டும்போல் வெறி வந்தது. நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார்.

அதன் பிறகு தங்கை வீட்டுக்கு வந்தாள். நானே ஒட்டினேன் என்று சொல்லிவிடும்படி கேட்டாள். “நீ எப்படியும் பொழைச்சுக்குவே அண்ணா” என்றாள். சின்ன வயதில் அவள் செய்ததற்கெல்லாம் அடி வாங்கியவன் நான், அந்தப் பழக்கத்தில் கேட்கிறாள். ஜெயிலுக்குப் போய் வந்த வெல்டரிடம் எடை தூக்குகிற சாமானை ஒட்டும் வேலையை எவன் கொடுப்பான்? எனக்கு வேறு வேலை தெரியாது. வாசலைக் காட்டி வெளியே போ என்றேன். என் மனைவி அவளுக்குப் போட்ட காபி அப்படியே ஆறிப்போனது.

ஒடிந்த காது உங்கள் வசம் இருக்கிறது. அதன் ஒட்டில் அரம் போட்டுப் பாருங்கள், பிடிக்காது. கெட்டி ராடால் காது ஒட்டுகிற ஆள் நான் இல்லை என்பது இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும். ஒட்டியது என் தங்கை புருஷன். ஒட்டச் சொன்னது முதலாளி.

எழுதி முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் கதவைத் திறந்து வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அப்படியே படித்தார்கள். ஒட்டியது என் தங்கை புருஷன் என்ற இடம் வந்ததும் அவள் எழுந்து கதவருகில் வந்து, “அவரு நடந்து வந்து பதில் சொல்ல மாட்டாருங்கற தைரியமா அண்ணா?” என்றாள். எதையாவது அடிக்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். அவள் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், எதையும் அடிக்க வேண்டாம் என்றேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் என் வாயால் சொன்னது, என் காதால் கேட்டுச் சரிபார்த்தது, உண்மை. யாருடைய மிரட்டலுக்கோ வேண்டுதலுக்கோ இணங்கிச் சொன்னதல்ல.

(ஒப்பம்)