மணல் தொட்டி

வளைகுடா நாட்டில், அல் ஐன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர், குடிநீர் பிளாண்ட் வேலை உடுப்போடு இருந்தார்கள்.

"மணல் தொட்டிக்குள்ள மட்டும் என்னைய இறக்காதீங்கண்ணே" என்றார் இளையவர்.

ஃபோர்மேன் போலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "தண்ணி வடிகட்டுற தொட்டிதானடா. ஆறு வருஷமா நீதான மணல் மாத்துற?"

"சம்சாரம் இறந்து லீவுல போனேன்ல, அவ எப்படி இறந்தாள்னு யாருகிட்டயும் சொல்லலண்ணே. எங்க ஆத்துல ரெண்டடி தோண்டுனா ஊத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி வரும். மணலே வடிகட்டிக் குடுத்துரும். லாரில மணல அள்ளி அள்ளி தண்ணி கீழ போயிருச்சு. இப்ப ஆள் உயரம் தோண்டணும். அவ உள்ள இறங்கி மொண்டுக்கிட்டு இருக்கப்ப, ஊத்து மணல் சரிஞ்சு அவள மூடிருச்சு."

"கூட யாரும் இல்லையா?"

"எட்டு வயசு மக, மேல நின்னு குடம் வாங்கிக்கிட்டு இருந்திருக்கா. கையாலயே தோண்டிப் பார்த்திருக்கா."

இளையவரே தொடர்ந்தார். "என் வேலை என்னன்னு அவளுக்குத் தெரியும்ணே. தினமும் போன்ல 'மேல ஏறிட்டியாப்பா'ன்னு கேக்குறா. ஏறிட்டேன்னு சொன்னாத்தான் சாப்பிடுறா."

தொழிலாளர் கேம்ப் நிறுத்தம் வந்தது. ஃபோர்மேன் எழுந்துகொண்டே, "நாளைக்கு நீ மேல நில்லு. நான் இறங்குறேன்" என்றார்.