கடுகா பட்டாணியா

கர்ர்ரக். அப்புறம் டொப்புனு ஒண்ணு. அவ்வளவுதான் மிஸ் வெர்னா, அந்தச் சத்தம். பகல்ல கேட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இருட்டினப்புறம், வீட்டுக்காரர் வேலைக்குப் போனப்புறம், கைக்குழந்தைய வெச்சிக்கிட்டுத் தனியா கேட்டுப் பாருங்க. 

உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க. அந்தப் பையக் கீழ வைங்களேன்... சரி, மடியிலயே இருக்கட்டும். காலையிலேர்ந்து ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு வந்திருக்கீங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க. பொழுது சாயற நேரத்துல எனக்கும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும். என்னமோ சொல்ல வந்தீங்க... இருங்க, நான் இத முடிச்சிடறேன். நடுவுல விட்டா மறந்துடும்.

ட்ரெண்ட்கிட்ட சொன்னேன். அவரு விஸ்கி ஆலையில ராத்திரி ஷிப்ட்ல பீப்பாய் உருட்டறவரு, தூக்கத்துலதான் பதில் சொல்வாரு. "பழைய வீடு கோலெட், மரம் சுருங்கும்"ன்னாரு. மரம் சுருங்கினா கர்ரக்குனு கேக்கும், ஒத்துக்கறேன். டொப்புனு எது சுருங்கும்?

அப்பாகிட்ட சொல்லியிருப்பாரு போல. மறுநாளே மாமனார் வந்துட்டாரு. உங்களோட ஒண்ணாப் படிச்சவராமே ஹோபர்ட். நான் தாழ்ப்பா வாங்கிட்டு வருவாருன்னு பார்த்தேன். துப்பாக்கி கொண்டு வந்தாரு.

"மாமா, இதெல்லாம் எதுக்கு, பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பா வெச்சாப் போதுமே"ன்னேன். அவரு மொகத்தப் பார்க்கணுமே. நான் ஏதோ தேவாலயத்துல செருப்ப வீசின மாதிரி. "பின்கதவுக்கா? அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க? இந்த ரோட்டுல பின்கதவு வழியாத்தான் மனுஷங்க வருவாங்க. முன்கதவு பாதிரியாருக்கும் பொணத்துக்கும். வெர்னா ஹேகன் புருஷன் செத்த ராத்திரிகூட பின்கதவத் தாழ்ப்பா போடல. அவ வீட்டுத் தாழ்ப்பா மேல பெயின்ட் அடிச்சி அடிச்சி, அது இப்போ கதவோட கதவு"ன்னாரு. உங்களப் பத்திப் பெருமையாத்தான் சொன்னாரு.

அப்போ திருடன் வந்தான்னா மாமா? "சுட்டுடு."

தாழ்ப்பா போட்டா மரியாதக் கொறச்சல், சுட்டா இல்ல. நான் லூயிவில் பட்டணத்துக்காரி, எனக்கு இந்த நியாயம் புரியல. இருந்தாலும் பெரியவரு சொல்றாரேன்னு வாங்கி வெச்சிக்கிட்டேன். இரட்டைக் குழல். அதோ, குளிர்பெட்டி மேல. ரொட்டி எடுத்துக்குங்க. காயத் துருவிப் போட்ட சுக்கினி ரொட்டிதான். இந்த வீட்டுல இப்போ எல்லாமே சுக்கினிதான், அந்தக் கதையும் சொல்றேன்.

துப்பாக்கி பெரிய விஷயமே இல்ல மிஸ் வெர்னா. தோட்டாதான். மாட்டுத்தீவனம் விக்கற கடையில போய் நின்னேன். சுவர் முழுக்க டப்பா. டப்பா மேல நம்பர். ஒன்பது, எட்டு, ஆறு, நாலு, அப்படியே எறங்கி எறங்கி கடைசியில ரெண்டு பூஜ்யம். நான் கன்னியாஸ்திரிங்ககிட்ட கணக்குப் படிச்சவ. இருக்கறதுல பெரிசு ஒன்பதுன்னு ஒன்பத எடுத்துக்கிட்டு வந்தேன். ரெண்டு பூஜ்யம்னா உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் சத்தம், சின்னப் பசங்க திருவிழாவுல வெடிக்கறதுன்னு நெனச்சேன்.

மாமனார் ஒரு தோட்டாவக் கத்தியால கீறி என் உள்ளங்கையில கொட்டினாரு. கடுகு. நெசமாவே கடுகளவு ரவை, தாளிச்சிடலாம். "இது காடையச் சுடறதும்மா. திருடன் தும்முவான்"ன்னாரு. அப்புறம் தன் சட்டப்பையிலேர்ந்து ஒரு ரெண்டு பூஜ்யத்த எடுத்துப் பிரிச்சாரு. பட்டாணி. ஒண்ணொண்ணும் பட்டாணி. மானச் சுடறதாம். நம்பர் கொறயக் கொறய ரவை பெருசாகுமாம், பூஜ்யத்துக்குக் கீழ போக எடமில்லாததால பூஜ்யத்தையே ரெண்டாப் போட்டுட்டாங்களாம். எந்த சிஸ்டரும் இத எனக்குச் சொல்லித்தரல.

சரி, பட்டாணின்னு முடிவு பண்ணிட்டோம். சாயங்காலம் கொழுந்தன் வந்தான். கர்ட்டிஸ். அவனுக்கு வேலை கிடையாது, அதனால எல்லாம் தெரியும். "அண்ணி, ஹால்ல நின்னு பட்டாணியச் சுட்டா அது திருடனோட நிக்காது. திருடனத் தாண்டி, சுவரத் தாண்டி..." அப்படின்னு கைய நீட்டிக் காட்டினான். கை எங்க போய் நின்னுச்சு தெரியுமா? ரோஸலின் தொட்டில்ல.

அன்னிக்குத்தான் சுவரத் தட்டிப் பார்த்தேன். சுவரா அது. ரெண்டு சுண்ணாம்பு அட்டை, நடுவுல காத்து. தட்டினா பறை மாதிரி கேக்குது. அந்தப் பக்கம் என் பொண்ணு கட்டவிரலச் சப்பிக்கிட்டுத் தூங்கறா.

அப்போ கடுகுதானா? மாமனார் ஒத்துக்கல. "கடுகுக்கு நிக்கறவன் இவ வீட்டுக்கு ஏன்டா வரான்?" கர்ட்டிஸ், "அப்போ பேத்தி மேல பட்டாணி பட்டாப் பரவால்லயா?" அப்பனும் மவனும் கோழிக்கறிய நடுவுல வெச்சிக்கிட்டு அப்படிச் சண்ட. ட்ரெண்ட் ரெண்டு பேருக்கும் உருளைக்கெழங்கு போட்டுக்கிட்டே இருந்தாரு. அவருக்கு அபிப்பிராயம் கெடயாது. அதான் நான் கட்டிக்கிட்டேன்.

கடைசியில மேய்ச்சல் நெலத்துல சோதன பண்ணிட்டாங்க. அதே சுண்ணாம்பு அட்டை நாலு நிக்க வெச்சி, பின்னாடி என் தலகாணி. ஏன் என் தலகாணின்னு கேக்காதீங்க. பட்டாணி அட்டை நாலையும் தாண்டி, தலகாணியத் தாண்டி, மாடு தண்ணி குடிக்கற தொட்டியத் தொளச்சிடுச்சு. இப்பவும் ஒழுகிக்கிட்டிருக்கு. அடுத்தது கடுகு. தூரத்துலேர்ந்து சுட்டா அட்டைக்கு அம்ம போட்ட மாதிரி இருந்துச்சு. கர்ட்டிஸ் சிரிச்சான். அப்புறம் எங்க ஹால் எவ்வளவோ அவ்வளவு கிட்டக்க நின்னு சுட்டான். ஒரே ஓட்ட, என் முஷ்டி போகும். தலகாணிப் பஞ்சு மாட்டு மேலயெல்லாம். யாரும் சிரிக்கல.

பாம்பும் நோகக்கூடாது, பாம்படிச்ச கோலும் நோகக்கூடாதும்பாங்க. எனக்குப் பாம்பு எக்கேடோ கெடட்டும். பின்னாடி இருக்கற தொட்டில் நோகக்கூடாது. இத மட்டும்தான் நான் கேக்கறேன். இதுக்கு ஒரு நம்பர் சொல்ல ஊர்ல ஒரு ஆள் இல்ல.

பங்குச் சாமியார் ஃபாதர் வாதனக்கூட விடல. பாவம் சொல்ற கூண்டுல, பாவசங்கீர்த்தனத்துல கேட்டேன். "சாமி, மனுஷனச் சுடணும்னு தெனம் நெனக்கறேன், ஆனா எதால சுடறதுன்னு தெரியல." அவரு கம்பி வலைக்குக் கிட்ட குனிஞ்சாரு. அப்புறம் மெதுவா, "மான் தோட்டாவுலயே தனியா நாலாம் நம்பர்னு ஒண்ணு இருக்கு மகளே, பறவைக்குப் போடற நாலு இல்ல. மிளகவிடக் கொஞ்சம் பெரிசு"ன்னாரு. "அதோட மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு." மரியே சொல்லிட்டேன். நாலாம் நம்பர் கடையில தீர்ந்துபோச்சு. நெறயப் பேரு பாவசங்கீர்த்தனத்துக்குப் போறாங்க போல.

அதனால வீட்டுல ஒரு சமாதானம். ஒரு குழல்ல மாமனார் பட்டாணி, இன்னொரு குழல்ல கொழுந்தன் கடுகு. ரெண்டு பேருக்கும் மனசு நோகாம. நான் குழந்தைய குளியலறைக்கு மாத்திட்டேன். அங்க பழைய வார்ப்பிரும்புத் தொட்டி இருக்குல்ல, காலு வெச்சது, அதுல மெத்தயப் போட்டுட்டேன். மாட்டுத் தொட்டி வெறும் தகரம், இவ்வளவு தடிச்ச இரும்ப எதுவும் தொளைக்காது. தொட்டில்லேர்ந்து தொட்டிக்கு வந்துட்டா, ஒரு எழுத்துதான் போச்சு. நாங்க குளிக்கறது அடுக்களையில.

சிரிக்காதீங்க... இல்ல, நீங்க சிரிக்கல. ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? காப்பி கசக்குதா?

இதுல மாமியார் தொல்ல வேற. ஒரு பக்கம் திருடன், ஒரு பக்கம் டோரீன். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில கதவத் தொறந்தா, கொசுவலைக் கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவுல ஒரு பை சுக்கினி. சுக்கினின்னா எப்படி, ரோஸலினவிடப் பெரிசு. சுரைக்காய்க்கு அண்ணன் மாதிரி. ஒரு சொல் கெடயாது, ஒரு சீட்டு கெடயாது. உனக்குத் தோட்டம் போடத் துப்பில்லன்னு குத்திக் காட்டறாங்க. கேட்டா "நான் வைக்கலயே"ன்னு சத்தியம் பண்றாங்க. போன வாரம் கார்ப் பின்சீட்டுல நாலு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போய்ட்டு வரதுக்குள்ள. பூசை நேரத்துல, மிஸ் வெர்னா.

எனக்கு அந்தக் காயே பிடிக்காது. வாயில வெச்சா ஈரத்துணி. யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜூலை மாசம் பங்குக் கோயில்ல விருந்து வெச்சாங்களே, நான் இங்க வந்த புதுசு, யாரோ தட்டுல சுக்கினியப் போட்டு "பிடிக்குமா"ன்னாங்க. சிஸ்டர் ஹில்டகார்ட் எங்களுக்கு மொதல் வகுப்புலயே சொல்லிக்குடுத்தது, யார் என்ன குடுத்தாலும் "ஐயோ, எனக்கு உசிரு"ன்னு சொல்லணும். சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. மேசையில அத்தன பொம்பளைங்களும் என்னையே பார்த்தாங்க. ஏதோ நல்ல சேதி கேட்ட மாதிரி.

என்ன? ... இருங்க, நேத்து ராத்திரி நடந்தத சொல்லிடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

நேத்து கர்ர்ரக். பின்கதவுப் படிக்கட்டுல. நான் துப்பாக்கிய எடுத்துட்டேன். இதோ இங்க, இந்த மேசைகிட்டத்தான் நின்னேன். கொசுவலைக் கதவு சுருள்கம்பி ங்ஙீன்னுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு மூச்சு விடறது கேக்குது. குனியற மூச்சு. நான் குழல கதவுக்கு நேரா வெச்சிட்டேன். வெரல் உள்ள. கை நடுங்கவே இல்ல, அதுதான் இன்னும் பயமா இருக்கு.

அப்பத்தான் ஒரு சந்தேகம். ரெண்டு விசையில முன்விசைய இழுத்தா எந்தக் குழல் வெடிக்கும்? பட்டாணியா கடுகா? மொதல்ல எது போகும்? மாமனார் ஒரு தடவ சொன்னாரு, கர்ட்டிஸ் மாத்திச் சொன்னான். தெரியாம எப்படிச் சுடறது. தொறந்து பார்த்துடலாம்னு துப்பாக்கிய மடக்கினேன். ஒரு தோட்டா வழுக்கி விழுந்து, உருண்டு, குளிர்பெட்டி அடியில போய்டுச்சு. தரையில படுத்துத் தேடறேன், மிஸ் வெர்னா. வீட்டு வாசல்ல ஆளு, நான் குளிர்பெட்டி அடியில வெளக்குமாத்தால குடஞ்சிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள டொப். ரோஸலின் தொட்டிக்குள்ளேர்ந்து கத்தறா, இரும்புல எதிரொலிச்சு கோயில் மணி மாதிரி. காலடி எறங்கிப் போச்சு. ஓடல. வேல முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க மாதிரி நிதானமாப் போச்சு.

ஜன்னல் வழியாப் பார்த்தேன். நேர் எதிர்ல உங்க அடுக்களை வெளக்கு எரிஞ்சுது. அப்பத்தான் ஒறச்சுது. ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் என்னன்னு ஊரே அளந்து பார்த்தோம். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னன்னு யாரும் அளக்கல. நேரா உங்க ஜன்னல். பட்டாணி போயிருந்தா... அந்த நேரத்துல நீங்க உள்ளதான் இருந்திருப்பீங்க, பாத்திரம் கழுவிக்கிட்டு. இருந்தீங்கதானே?

காப்பியத் தொடவே இல்லயே.  பை நழுவுது பாருங்க, பை...

...

அந்தச் சத்தத்த இன்னொரு தடவ போடுங்க.

டொப்.

சுக்கினி.

நீங்கதானா. எப்பவுமேவா? ... ஓ. உங்க மொறை ஒருநாள் விட்டு ஒருநாள். காருல வெச்சது வேற ஆளு. எல்லாருமா? அந்த மேசையில இருந்த எல்லாருமா? ராத்திரியில வெச்சாத்தான் என்னால திருப்பித் தர முடியாதுன்னுதானா? ஒரு வார்த்த உசிருன்னு சொன்னதுக்கா... அப்போ இது மாமியார் இல்ல. திருடனும் இல்ல. நானேதான் மேளம் கொட்டிக் கூப்பிட்டிருக்கேன்.

இதச் சொல்லத்தான் வந்தீங்களா. நேத்து குழந்த அழுத சத்தம் கேட்டு, பயந்திருப்பாளேன்னு, இன்னிக்கு வெளிச்சத்துல குடுத்துடலாம்னு. நான் பேசவே விடல.

கடுகா பட்டாணியான்னு ஊரெல்லாம் கேட்டேன் மிஸ் வெர்னா. யாருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேட்டுக்கல. கணக்கு ஒழுங்கா வந்திருந்தா, அந்தத் தோட்டா ஒழுங்கா உள்ள இருந்திருந்தா, நீங்க இப்போ இங்க உக்காந்திருக்க மாட்டீங்க.

அந்தத் துப்பாக்கியப் பார்க்காதீங்க. அதுல இப்போ ஒண்ணுதான் இருக்கு. எதுன்னு தெரியல.

எழுந்திட்டீங்களா? இருங்க, பையில மிச்சம் இருக்கு... இல்ல, வேணாம்னு சொல்லல, பிடிக்காதுன்னு சொன்னது அந்தக் காயத்தான், உங்கள இல்ல... படிக்கட்டுல பார்த்து, அந்த ரெண்டாவது பலக கர்ர்ரக்குனு... உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா.

மிஸ் வெர்னா?

போய்ட்டாங்க ரோஸி. வா, தூக்கிக்கறேன். ஜன்னலப் பாரு, ஆன்ட்டி எவ்வளவு வேகமா நடக்கறாங்க பாரு. பஸ்ஸக்கூட இவ்வளவு வேகமா ஓட்டமாட்டாங்க. உள்ள போய்ட்டாங்க. கதவு சாத்திட்டாங்க.

கேளு. கேக்குதா? அங்கேர்ந்துதான். பயப்படாத, அது தாழ்ப்பா மேல பெயின்ட் ஒடையற சத்தம். இழுக்கறாங்க... பாவம், வரமாட்டேங்குது... இன்னும் இழுக்கறாங்க...

டக்.