இடெல்லா எழுதாமல் விட்டவள்

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்ததில் சற்றுத் தாமதமாகிவிட்டது, ஷெரிஃப். மன்னித்துக்கொள்ளுங்கள். விஷயம் என் பக்கத்து வீட்டு இடெல்லா ப்ரூவிட்டைப் பற்றியது. அவள் எழுதிய நாவல்கள் எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன்.

அவற்றை இரண்டு பேர் ஒரே மாதிரி படித்து நான் பார்த்ததில்லை. நியூயார்க் பத்திரிகைக்காரர் ஒருவர், மிசிசிப்பி மனிதர்களின் இருண்ட உள்ளத்தை அவள் தோண்டி எடுத்துவிட்டதாக எழுதினார். அதே பக்கங்களைப் படித்து நாம் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். பாதிரியாரின் மனைவி வைனெல் மட்டும் அழுதாள். கதையில் வரும் பாதிரி மனைவி பிரசங்கத்தின்போது குறட்டை விடுகிறாள். அதைப் படித்த நாளிலிருந்து வைனெல் தேவாலயத்தில் கண் இமைப்பதேயில்லை. முடிவெட்டும் ஹாய்ட் நேர்மாறு. தன்னைத் தர்பூசணித் திருடனாக்கிய பக்கத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். "நான்தாங்க அது. ஆனா அவ்ளோ பழமெல்லாம் தூக்கல, இடெல்லா ஏத்தி விட்டுட்டா" என்பார். மனைவிக்குப் பயந்து காரிலேயே தூங்கும் ஷெரிஃப் ஒருவர் வருகிறாரே, அது நீங்கள் இல்லை என்று நீங்கள் சொல்வதை ஊரே மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறது.

என் நாய்கூட ஒரு நாவலில் இருக்கிறது, பெயர்கூட மாறாமல். நான்தான் எதிலும் இல்லை.

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாசகிக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம். போன வசந்தத்தில் இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏன் இடெல்லா, என்னை மட்டும் எழுதவே மாட்டேங்கிற?"

அவள் சிரித்தாள். "உன்ன வெச்சு என்னத்த எழுதுறது நெட்டி கண்ணு? நீ தங்கமானவ. தப்பே பண்ணாதவளுக்குக் கதை ஏது?"

"பண்ணலன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"நீயா? பொறியில மாட்டின எலிய மடியில கட்டிக்கிட்டுப் போயி வயல்ல விட்டுட்டு வந்தவதானே நீ!"

அவள் சொன்னது உண்மை. நான் நிறைய யோசித்தேன். அவள் நாவல்களில் திருடர்கள் இருக்கிறார்கள், குடிகாரர்கள் இருக்கிறார்கள், ஆனால் உருப்படியான ஒரு கெட்டவள் இல்லை. அது ஒரு குறை. பக்கத்து வீட்டுக்காரி இந்த உதவியைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஆகஸ்டில் ஒரு காலை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, அவள் வீட்டுப் பின்வாசலின் மேல்படியிலிருந்து ஆணிகளைப் பிடுங்கினேன். இறந்துபோன என் கணவரின் சுத்தியல் கைக்கு அடக்கமானது. பலகையைப் பழையபடி ஒழுங்காக எடுத்து வைத்தேன். ஒரு சின்னச் சறுக்கல், ஒரு சுளுக்கு, பிறகு என் மேல் ஒரு சந்தேகம். அது போதும் என்றுதான் நினைத்தேன்.

மதியம் அவள் விழுந்தாள். நான் என் வராந்தாவில் அவளுடைய புது நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். "நெட்டி, நெட்டி" என்று கூப்பிட்டாள். என் பெயரை அவள் அத்தனை தடவை சொல்லி நான் கேட்டதேயில்லை. ஆனால் அத்தியாயம் நல்ல கட்டத்தில் இருந்தது. முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்றிருந்தேன். அடுத்த அத்தியாயமும் நன்றாகவே இருந்தது. வெயில் கடுமைதான். கூப்பிடுவது நின்றதும், உள்ளே போயிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவளுக்கு மீன் கொண்டுவந்த ஹாய்ட்தான் பார்த்தார். இடுப்பும் முதுகும் முறிந்திருந்தன. இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் விசாரிக்க வந்தபோது நான்தான் அவள் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பலகை உளுத்துப்போச்சு டாய்ல்" என்று உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள். "நெட்டி காதுல விழுந்திருந்தா வேலியத் தாண்டிக் குதிச்சு வந்திருப்பா."

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் நெட்டி, உன்ன எழுதிட்டிருக்கேன். கூடவே இருந்து பாத்துக்கிட்ட தேவதை மாதிரி" என்றாள்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. தேவதையை யார் படிப்பார்கள்? வைனெல் அழமாட்டாள், ஹாய்ட் சிரிக்கமாட்டார். எல்லோரும் கொட்டாவி விட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "வீட்டுக்குப் போயி படுங்க மிஸ் நெட்டி, ரொம்ப நொந்துபோயிருக்கீங்க" என்கிறீர்கள். அந்தப் பலகையைப் புரட்டிப் பாருங்கள், ஷெரிஃப். உளுத்த மரத்தில் ஆணித்துளைகள் அவ்வளவு சுத்தமாக இருக்காது. பிடுங்கியது நான்தான். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. முதல் தடவையே கேட்டது.

அவள் அந்த அத்தியாயத்தை முடிப்பதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு தெரிந்தால், அவள் பாவம், படுத்த படுக்கையில் அத்தனையையும் அடித்துத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். என்னால் யாருக்கும் ஒரு சின்னச் சிரமம் வந்தாலும் எனக்குத் தாங்காது.