தொர ஜீப்பு

...இல்லண்ணே, நான் தெரியாமத்தான் கேக்குறேன், மனுசன் வாங்குற சாமானா அது? ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடி முடிச்ச ஜீப்ப, அதுவும் ஜெர்மன் ஜீப்ப, இந்த அக்கரப்பத்தன ரோட்டுல கொண்டாந்து வச்சிக்கிட்டு என்னா செய்யப்போறாரு எங்க வீட்டுக்காரரு? உக்காருங்க, உக்காருங்க. அவுரு வந்துருவாரு. வேன கழுவி, டயருக்கு காத்தடிச்சிக்கிட்டு வர்றேன்னு டவுனுக்குத்தான் போயிருக்காரு. வட்டகொடையிலேருந்து வேன் பாக்க ஒருத்தர் வருவாரு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து உக்கார வையி, வாய மட்டும் தொறந்துறாதன்னு சொல்லிட்டுப் போனாரு. தேத்தண்ணி ஊத்தியாச்சு. சீனி போதுமாண்ணே?

எங்க விட்டேன்... ஆ, ஜீப்பு. ஹட்டன்ல விஜிதரன்னு ஒருத்தரு பழைய வாகனம் வாங்கி விக்கிறாரு. அவுரு போன்ல படம் அனுப்புனாரு பாருங்க, அன்னையிலேருந்து இவுருக்கு சோறு எறங்கல. கறுத்த ஜீப்பு, கண்ணாடியும் கறுப்பு. டொக்டர் ஒருத்தரு ஓட்டுனதாம். நானும் பாக்குறேன், இந்த நாட்டுல விக்கிற பழைய வாகனம் அம்புட்டும் டொக்டர் ஓட்டுனதாத்தான் இருக்கு. அவுங்கல்லாம் வாகனம் ஓட்டிக்கிட்டே இருந்தா ஆசுபத்திரியில ஊசி போட்டது யாரு? கேட்டா இவுருக்கு கோவம் வருது. ஒனக்கு ஜெர்மன்காரனப் பத்தி என்னா தெரியும்ங்கிறாரு. எனக்கு தெரியாதுதான். இவுருக்கு மட்டும் தெரியுமாக்கும், ரெண்டு பேரும் ஒண்ணா லயத்து வீட்டு வாசல்ல கோலி அடிச்சிருக்காங்க பாருங்க.

ஏங்க, இம்புட்டு தூரம் ஓடிருக்கேன்னு கேட்டேன். ஜெர்மன் எஞ்சின் ரெண்டு லட்சத்துக்கு அப்புறந்தான் பழக ஆரம்பிக்குமாம். விஜிதரன் சொன்னாராம். எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொன்னா மட்டும் வயசாயிருச்சு போய்ப் படுங்கிறாரு. எனக்கு இன்னும் பழகலைன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்காரா?

சரி, தலவாக்கலையில வாகனம் திருத்துற நல்லமுத்து பாஸ கூட்டிட்டுப் போயி காட்டுனோம். வாகனம் ஸ்டார்ட் பண்ண ஒடனே முன்னால மஞ்சளும் செவப்புமா லைட்டுங்க எரியிது. திருவிழாவுக்கு கோயில் மாதிரி. என்னா அதுன்னு கேட்டா விஜிதரன் சொல்றாரு, எஞ்சின்ல ஒண்ணும் கோளாறு இல்ல, கோளாறு இருக்குன்னு சொல்ற லைட்டுலதான் கோளாறாம். நல்லமுத்து பாஸ் பானட்ட தொறந்தாரு. குனிஞ்சி பாத்தாரு. மூடிட்டாரு. என்னா பாஸ் சொல்றீங்கன்னு இவுரு கேட்டாரு. கலரு நல்லாருக்குன்னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு மனுசன்.

நான் கதைய சொல்லிக்கிட்டே போறேன், நீங்க பிஸ்கட்ட எடுக்கவே இல்ல. எடுங்கண்ணே.

இன்னொன்னு கேளுங்க. அதுக்கு கீழ ஸ்பிரிங் இல்லையாம், காத்துலதான் நிக்கிதாம். ராத்திரிக்கி நிப்பாட்டி வச்சா காலையில போய்ப் பாக்கையில முன் பக்கம் அப்புடியே படுத்துக் கெடக்குது, பம்பரு தரையில முட்டுது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, கெஞ்சி, தடவிக்குடுத்தா மெதுவா எந்திரிக்கிது. எந்திரிக்கலைன்னா கொழும்புக்கு ஆளனுப்பி பஞ்சிகாவத்தையில சாமான் தேடணும். அங்கயும் இல்லைன்னா வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வரணும். கப்பல் வர்ற வரைக்கும் இவுரு அது பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்திருப்பாரு.

வீட்டுக்கு கொண்டாரவும் முடியாதுண்ணே. கீழ பாலத்தத் தாண்டித்தானே வந்தீங்க? ஒங்க த்ரீவீல் வந்துரும், எங்க வேனு ஒரசிக்கிட்டு வந்துரும். அந்த ஜீப்பு ஒடம்புக்கு பாலம் பத்தாது. அத நானே போயி சேலத் துணிய வச்சி அளந்து பாத்துட்டேன். சொன்னா, அதுனால என்னா, கோயில் பக்கம் நிப்பாட்டிட்டு நடந்து வந்துக்கிறேன்ங்கிறாரு. கோயில் பக்கம்னா நாலு பேரு பாப்பாங்கள்ல, அதான். மழையில நனைஞ்சிக்கிட்டு நடந்து வர்றதுக்கு எதுக்குண்ணே ஜீப்பு?

நீங்க சொல்றதும் சரிதான், ஆம்பளைக்கு ஒரு ஆச இருக்கும். இருக்கட்டும். இவுருக்கு காசு மரத்துலயா காய்க்கிது? இந்த வேன வித்தாத்தான் அந்த ஜீப்பு. யாரும் சீண்டாத வண்டிங்கிறதால அது வெலையும் வேன் வெலையும் ஏறக்குறைய ஒண்ணா நிக்கிது. கைக்கு கை மாத்திரலாம்னு இவுரு குதிக்கிறாரு. வேன் போயிருச்சுன்னா நாளைக்கு வீட்டுல ஒல எப்புடி கொதிக்கும்? இந்த ரெண்டு தேயிலத் தோட்டத்துப் புள்ளைங்களும் இதுலதாண்ணே பள்ளிக்கூடம் போகுதுங்க. பஸ்ஸ நம்பியிருந்தா பாதிப் புள்ளைங்க என்னைக்கோ படிப்ப விட்டுட்டு கொழும்புல கடையில நின்னுருக்குங்க. ஜெர்மன் ஜீப்புல சேறு காலோட புள்ளைங்கள ஏத்துவாரா இவுரு? நான் ஏறுறப்பவே செருப்பத் தட்டிட்டு ஏறு ஜீவான்னவரு.

அதுனால ஒங்ககிட்ட ஒளிக்காம சொல்றேன். நீங்க தூரத்துலேருந்து வந்த மனுசன், ஏமாந்து போயிறக் கூடாது. அந்த வேன் கதவு வெளியேருந்து தொறக்காது. உள்ள ஆளு இருந்தாத்தான் தொறக்கும். மழ பேஞ்சா கடைசி சீட்டுல கொட புடிக்கணும். புள்ளைங்க வளைவுல வளைவுல வாந்தி எடுத்து எடுத்து, என்னா போட்டு கழுவுனாலும் ஒரு நாத்தம். இன்னைக்கு ஊதுபத்தி கொளுத்தி வச்சிருப்பாரு, பாருங்க, மூக்க நல்லா கிட்ட கொண்டு போங்க. ரிவர்ஸ் விழுறதுக்கு ரெண்டு தடவ திட்டணும். மத்தபடி விடியக்காலையில வேலைக்கு ஆளக் கூப்புட்டு பெரட்டுக்கு கொம்பு ஊதுற குளிர்ல கூட சாவியப் போட்டா ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிரும், ஒரு நாளு ரோட்டுல விட்டதில்ல, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஊரே வரிசையில கெடந்த காலத்துலயும் எங்களுக்கு கஞ்சி ஊத்துனது அதுதான்... அய்யய்ய, நல்லதா சொல்லிட்டேன் பாருங்க. அத மறந்துருங்க. கதவு தொறக்காதுங்கிறத மட்டும் வச்சிக்கிங்க.

ஆமாண்ணே, ஏன் இப்புடி பேசுறான்னுதானே பாக்குறீங்க. நீங்க இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா இவுரு வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஹட்டன்ல நிப்பாரு. அதான்.

அவுருக்கு ஜீப்பு ஆச இல்லண்ணே. தொர ஆச. நீங்களும் தோட்டத்துல பொறந்தவருதானே, சொன்னா வெளங்கும். எங்க மாமனாரு வீரய்யான்னு, காலம் பூரா கான் வெட்டுன மனுசன். மலையில ரோட்டோரமா தண்ணி ஓடுறதுக்கு கான் வெட்டுவாரு, தோட்டத்த ஆளுற தொர ஜீப்பு வந்தா தலத்துண்ட அவுத்துக்கிட்டு அதே கானுக்குள்ள எறங்கி நிப்பாரு. சலாமுங்க தொரன்னு சொல்லிட்டு, ஜீப்பு வளைவு தாண்டுனப் பொறகுதான் மேல ஏறுவாரு. சின்னப் புள்ளையா பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரரையும் கையப் புடிச்சி உள்ள இழுத்துக்குவாராம். இப்ப யாரு எறங்குறா? இப்ப உள்ள பொடியன்மாரு தொர வந்தாலும் போன பாத்துக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறானுங்க, தொரதான் ஹோன் அடிக்கணும். ஆனா பழைய ஆளுங்களுக்கு கறுத்த ஜீப்பக் கண்டா காலு தன்னால எறங்கிருது. அது அவுங்க காலுக்குள்ளயே ஏறிப் போச்சு.

போன கெழம இவுரு ஓட்டிப் பாக்குறேன்னு ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்தாரு. என்னையும் ஏத்திக்கிட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல, மெத்தையில உக்காந்த மாதிரி இருந்துச்சு. நேரா எங்க தோட்டத்து ரோட்டுக்கு விட்டாரு. தேயில இஸ்டோருக்கு கீழ, பறிச்ச கொழுந்த தராசுல நிறுத்துப் போட்டுட்டு ஆளுங்க வருதுங்க. வயசான நாலஞ்சி பேரு ஜீப்பப் பாத்த ஒடனே அப்புடியே கான்ல எறங்கிட்டாங்க. ஒருத்தரு கையத் தூக்கி சலாமே போட்டுட்டாரு. கறுத்த கண்ணாடி, உள்ள யாருன்னு தெரியாதுல்ல? எங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. கல்யாணத்தன்னைக்கி கூட அப்புடி ஒரு வெளிச்சத்த நான் பாக்கல. ஸ்டேரிங்குலேருந்து ரெண்டு வெரல மட்டும் தூக்கி ஆட்டுறாரு, தொரமாரு ஆட்டுவாங்களே, அதே மாதிரி. எங்க கத்துக்கிட்டாருன்னு எனக்கு தெரியாது. ஆட்டிட்டு, இன்னொரு தடவ சுத்தி வருவமான்னாரு.

சுத்தி வந்தோம். கோயில் வளைவுல ஒரு கெழவி வெறகுக் கட்டோட வருது. ஜீப்பக் கண்டுட்டு, கட்டயும் தூக்கிக்கிட்டு, காலு நடுங்க நடுங்க கான்ல எறங்குது. மழத் தண்ணி ஓடுது, கணுக்காலு வரைக்கும் சேறு. எறங்கி, தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிது.

எங்க மாமிண்ணே. இவுரப் பெத்தவங்க. வேலாயி.

ஏங்க, அம்மாங்க, நிப்பாட்டுங்கன்னேன். கத்திட்டேன்னே வச்சிக்கிங்களேன். சரி, நிப்பாட்டி எறங்கி ஓடப்போறாரு, கட்ட வாங்கி உள்ள போட்டு அம்மாவ ஏத்தப்போறாருன்னு கதவுல கைய வச்சிக்கிட்டு இருக்கேன். நிப்பாட்டல. மெதுவாக்கி, கண்ணாடி வழியா நல்லா பாத்துட்டு, சிரிக்கிறாருண்ணே. பாத்தியா ஜீவா, பெத்த தாயிக்கே என்னைய அடையாளம் தெரியலங்கிறாரு. பெருமையா சொல்றாரு. அந்தக் கட்டோட அவுங்க அங்க நிக்கிறாங்க, இவுரு ரெண்டு வெரல ஆட்டிட்டு வளைவத் தாண்டுறாரு. அன்னைக்கி சாயங்காலமே விஜிதரனுக்கு போன் போட்டு எடுக்குறேன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கி ராத்திரியெல்லாம் நான் அழுதேண்ணே. மாமி அடுத்த நாளு வந்து எங்கிட்டயே சொல்றாங்க, புது தொர வந்திருக்காரு போல, நல்லவரு, கைய ஆட்டிட்டுப் போனாருன்னு.

அதான் ஒங்க காலப் புடிச்சி கேக்குறேன், இந்த வேன... என்னாண்ணே?

ஆமா, உள்ளேருந்து பாத்தா வெளிய நல்லாத் தெரியும். வெளியேருந்துதான் தெரியாது.

இல்ல, எல்லாரும் எறங்கல. வயசானவங்கதான். ஒரு நாலஞ்சி பேரு. சலாம் போட்டது ஒருத்தரு. ஏண்ணே?

வட்டகொடையிலயும் எறங்குவாங்களாக்கும், எனக்கு எப்புடித் தெரியும்? ஒங்க தோட்டத்து ஆளுங்கள ஒங்களுக்குத்தானே தெரியும். ஒங்கப்பாவும் கான் வெட்டா? ஓ, அவரும் அப்புடித்தான் எறங்கி நின்னாரா... கோவிச்சிக்காதீங்க, எனக்கு தெரியாது.

என்னா எந்திரிச்சிட்டீங்க? தேத்தண்ணி அப்புடியே இருக்கு. வேன் பாக்கலையா? ... எந்த ஜீப்பு, அந்த ஜீப்பா? எங்க நிக்கிதுன்னா கேக்குறீங்க? ... அண்ணே, நீங்க புள்ளைங்கள ஏத்தி ஓட்டுறதுக்கு வேன் தேடுறேன்னுதானே போன்ல சொன்னீங்களாம்? நான் இம்புட்டு நேரம் என்னாத்த சொல்லிக்கிட்டு இருந்தேன்? லைட்டு எரியிது, முன் பக்கம் படுக்குது, சாமானு கப்பல்ல வருது... அது காதுல விழலையா ஒங்களுக்கு? ஒங்க வீட்டுல அக்கா இருக்காங்கள்ல? அவுங்க என்னா சொல்லுவாங்க? ஒரு வார்த்த அவுங்ககிட்ட கேட்டுக்கிட்டு...

அந்தா, ஹோன் கேக்குதா? எங்க வேன்தான். பாலத்துக்கிட்ட வந்துட்டாரு.

...அண்ணே. ஹட்டன் டவுனுக்குள்ள போவாதீங்க. டிக்கோயா ரோட்டுல திரும்புனதும் டயர் கட, அதுக்கு அடுத்த கேட்டு. விஜிதரன்னு கேட்டா காட்டுவாங்க. இவுரு இன்னும் அட்வான்ஸ் குடுக்கல, முந்துனவங்களுக்குத்தான்னு அவுரு சொல்லிட்டாரு. பின்னால கோயில் பக்கமா எறங்குற சின்ன ரோட்டுல போங்க, த்ரீவீல் மட்டும் போவும், பாலத்துல இவுரோட முட்டிக்காதீங்க. இவுருக்கு நான் சொல்லிக்கிறேன், கதவு தொறக்கலைன்னு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிக்கிறேன். போங்க, போங்க, சீக்கிரம் போங்க.

அக்காகிட்ட என்னைய ஒண்ணும் சொல்லிறாதீங்க. பாவம் அவுங்க, என் வீட்ட காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல.

அண்ணே, ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா, ஒண்ணே ஒண்ணு. ஒங்கம்மா இருக்காங்களா? இன்னும் மலைக்கி கொழுந்து பறிக்கப் போறாங்களா? அவுங்கள ரோட்டுல கண்டா அந்தக் கண்ணாடிய மட்டும் எறக்கிருங்கண்ணே... அண்ணே... நான் சொன்னது கேட்டுச்சா?