சனிக்கிழமை திரும்பாத ஜீப்பு

— நிறுத்து, நிறுத்து! ஐயாவு, லோங்காங்ல, சாக்கடையில விட்றாத! பிரேக்கைப் போடு!

— போட்டுட்டேன் கௌஸண்ணே! ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சும் நேராத்தான் போகுது. பார்த்தீங்கல்ல? இப்பவாச்சும் நம்புறீங்களா?

— பக்கத்துக் கடைச் சீனத்து ஆசோவோட பூச்சட்டி ரெண்டும் தூளாப் போச்சு. இதுக்கு மேல நம்பாம இருப்பேனா? எறங்கு. தங்கச்சி செல்லாயி, நீயும் எறங்கும்மா. ஏன்பா, இந்த வண்டியில பொண்டாட்டியையும் ஏத்திக்கிட்டா என் பட்டறைக்கு வருவே?

— நான்தாண்ணே கூட வாரேன்னேன். இந்த மனுசனைத் தனியா விட்டா, திரும்பக் கூடாத எடத்துலதான் திரும்புவாரு.

— என்னாடி சொல்றே?

— ஒண்ணுமில்ல. வண்டியைக் காட்டுங்க.

— சரி, ஒவ்வொண்ணா வருவோம். எத்தனை மணிக்குத் திரும்பிப் போகணும்?

— அஞ்சு மணிக்கு ஜீப்பு எஸ்டேட்ல நிக்கணும் கௌஸண்ணே. மானேஜர் ஐயா கடேசியாச் சொல்லிட்டாரு. "ஐயாவு, இன்னிக்குச் சாயங்காலமும் வண்டி திரும்பலேன்னா சாவியைப் பழனியப்பன்கிட்டக் குடுத்துரு. திங்கக்கிழமை நீ மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிக்காட்டு வேலைக்குப் போ"ன்னு. பதினாலு வருசமா டிரைவரு லா நான். மம்பட்டியில எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே மறந்து போச்சு.

— எந்தப் பழனியப்பன்? அந்த ஓட்டை வாயனா?

— அவனேதான். அவன் காதுல காலையில விழுந்த சேதி மத்தியானம் தெலுக் இந்தான் போயிரும். அவனைப் போய் டிரைவராப் போடுவேங்கிறாருன்னா, மனுசனுக்கு எம்புட்டு ஆத்திரம் இருக்கணும் பார்த்துக்குங்க.

— அதான் எனக்கும் புரியலை. மூணு தடவை கொண்டாந்தே. மூணு தடவையும் நான் ஓட்டிப் பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு வளைஞ்சு வளைஞ்சு போச்சே இது.

— நீங்க ஓட்டுனது செவ்வாக்கெழமை, புதன்கெழமை. இது சனிக்கெழமை மட்டும் வர்ற சீக்கு.

— அட நீ ஒண்ணு! வண்டிக்கு நாளு கெழமை தெரியுமா?

— சத்தியமா லா. அதான் இன்னிக்குச் சனிக்கெழமையாப் பார்த்துக் கொண்டாந்திருக்கேன்.

— டயரு கீச்சுன்னு கத்துது. ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு. வளைவுல நேராப் போகுது. இது டிஃப் லாக்கு பூட்டிக்கிட்ட வண்டியோட கொணம்பா.

— அப்படின்னா என்னாண்ணே?

— ஒனக்கு எதுக்கு செல்லாயி அதெல்லாம்?

— கேக்கட்டும்பா. தங்கச்சி, வண்டி வளையிறப்ப வெளிப்பக்கத்துச் சக்கரம் கூட ஓடணும், உள்பக்கத்துச் சக்கரம் கொறைச்சு ஓடணும். சேத்துல மாட்டுனா ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தும், வண்டி நகராது. அப்ப இந்த லாக்கைப் போட்டா ரெண்டும் ஒண்ணாப் பூட்டிக்கும், சேர்ந்து தள்ளும். ரப்பர் மரத்தை வெட்டிட்டுச் செம்பனை போட்டதுலேருந்து ஒங்க எஸ்டேட் ரோடெல்லாம் சேறுல்ல, அதுக்குத்தான் இது. மேடு ஏறினதும் எடுத்துறணும். எடுக்கலைன்னா நல்ல ரோட்டுல புடிவாதம் புடிக்கும், நேராத்தான் போவேன்னு.

— நேராப் போறது நல்லதுதானேண்ணே?

— கேளுங்க அண்ணே இவ பேச்சை!

— ஐயாவு, உள்ளதைச் சொல்லு. லாக்கைப் போட்டியா?

— போன வருச வெள்ளத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே கை போகலை. போட்டிருந்தா முன்னால மஞ்ச லைட்டு எரியணும்ல? எரியலையே!

— அந்த லைட்டை நம்பித்தானே நான் பின்னால அம்புட்டையும் கழட்டினேன்! எண்ணெய் மாத்தினேன். பல்லு பல்லாத் தொடைச்சேன். நாலு டயரையும் மாத்தி மாத்தி மாட்டினேன்.

— நானும் சும்மா இருக்கலை. பூசாரி பத்துமலையைக் கூட்டியாந்து சக்கரத்துக்கு ஒண்ணா நாலு எலுமிச்சம்பழம் நசுக்கினேன்.

— அப்புறம்?

— ஜம்முன்னு திரும்புச்சு.

— பார்ரா!

— அன்னிக்கு ஞாயித்துக்கெழமை லா.

— யா அல்லா! சரி, சனிக்கெழமை எந்த எடத்துல ரொம்ப முரண்டு புடிக்குது?

— எல்லா எடத்துலயும்தான். அந்த அஞ்சாம் நம்பர் முடுக்குல மட்டும்... சுத்தமா முடியலை. ரொம்பக் குறுகலு.

— கள்ளுக்கடை முடுக்குன்னு முழுசாச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட என்னா ஒளிவு மறைவு?

— ஏய், சும்மா இரு!

— ஓகோ. சனிக்கெழமை சாயங்காலம், கள்ளுக்கடை முடுக்கு, அதும் எஸ்டேட் ஜீப்புல. ஏன் ஐயாவு, ஒங்க மானேஜரு யாரு? திருவிழாவுல மைக்கைப் புடிச்சு, கள்ளு குடிக்கிறவனை லயத்து வீட்டுலயே வச்சிருக்க மாட்டேன்னு கத்துறவராச்சே!

— நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல அண்ணே.

— ஆமாண்ணே, இவரு வாயில வாடையே இருக்காது. ஜீப்பு பூரா அடிக்கும். வாயை மட்டும் கழுவிக்கிட்டு வாரது, அம்புட்டுக் கெட்டிக்காரரு.

— கௌஸண்ணே, மணி ஆகுது. வண்டியைப் பாருங்களேன்.

— பார்க்குறேன், பார்க்குறேன். தள்ளு, தலையை உள்ள விடுறேன். என்னாப்பா இது, இம்புட்டுப் பூவு?

— ஆத்தா படம். செல்லாயி சனிக்கெழமை தவறாமப் புதுப்பூ போடுவா.

— தெரியும். அதான் மூணு தடவையும் நான் அந்தப் பக்கம் கை வைக்கலை. சாமி சாமானு, நான் எதுக்குத் தொடணும்னு ஒரு மரியாதை. ஆமா, லாக்கு போடுற குமிழ் எங்க இருக்கணும்?

— அங்கதான். ஆத்தா படத்துக்குக் கீழ.

— லைட்டு?

— குமிழுக்குப் பக்கத்துல.

— அப்ப ரெண்டுமே பூவுக்குள்ள! நீயாச்சும் தூக்கிப் பார்த்தியா?

— நான் எப்படித் தொடுவேன்? கறிக்கையும் எண்ணெய்க் கையுமாத் திரியிறவன். அவதான் குளிச்சிட்டு வந்து செய்வா.

— தங்கச்சி, அந்தப் பூவைக் கொஞ்சம் தூக்கும்மா.

— வேணாம்ணே. போட்ட பூவைப் பொழுது சாயாம எடுக்கக் கூடாது.

— அப்ப ஐயாவு, நீ கையைக் கழுவிட்டுத் தூக்கு. தூக்குப்பா, ஒன் சோத்துக்கு வழி அதுக்குள்ளதான் இருக்கு.

— ஆத்தா, மன்னிச்சுக்க. இந்தா தூக்குறேன்... அண்ணே! குமிழ் வெளிய இழுத்துக் கெடக்கு!

— பக்கத்துல என்னா அது, செவப்பா?

— சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்கு வச்ச பொட்டு.

— நகத்தால சொரண்டு. இன்னும் சொரண்டு.

— எரியுது அண்ணே! அடியில மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கு!

— எரியாம என்னா செய்யும்? பொட்டு வச்ச கண்ணை வச்சுக்கிட்டு அது நாலு வாரமாக் கத்தியிருக்கு. நீயும் நானும் மரியாதை பார்த்துப் பார்த்து, நல்லா இருந்த வண்டியை மூணு தடவை குடலை உருவிட்டோம். குமிழை உள்ள தள்ளு. ஏறி, மெதுவா நகர்த்தி, ஒரு சுத்து சுத்திட்டு வா.

— வாரேன் வாரேன்... திரும்புது! கௌஸண்ணே, திரும்புது! தப்பிச்சேன்! பழனியப்பா, சாவி ஒனக்கு இல்லடா!

— எறங்கு. கூத்தாடினது போதும். குமிழ் தானா வெளிய வராது ஐயாவு, புடிச்சு இழுக்கணும். சனிக்கெழமை சனிக்கெழமை இழுத்தது யாரு?

— ஏன் ரெண்டு பேரும் என்னையே பார்க்குறீங்க?

— செல்லாயி!

— ஆமா, நான்தான்! இப்ப என்னா? ஆயுத பூசையன்னிக்குத் தொடைக்கிறப்ப கை பட்டு வெளிய வந்துச்சு. அன்னிக்கும் சனிக்கெழமை. சாயங்காலம் பார்த்தா, ஜீப்பு கள்ளுக்கடை முடுக்குல திரும்பாம நேரா நம்ம லயத்து வாசல்ல வந்து நிக்குது. ஆத்தா கண்ணைத் தொறந்துட்டான்னு விழுந்து கும்பிட்டேன். அப்புறம் சனிக்கெழமை பூ போடுறப்ப இழுத்துருவேன், ஞாயித்துக்கெழமை பூவுக்கு அடியில கையை விட்டுத் தள்ளிருவேன்.

— அடிப்பாவி! ஒன்னாலதான்டி என் வேலை போகப் பார்த்துச்சு!

— வேலையைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்! ஆயுத பூசைக்கு முந்தியே பக்கத்து வீட்டு நல்லம்மா அக்கா ஒங்களைக் கள்ளுக்கடை வாசல்ல ஜீப்போட பார்த்துட்டு வந்து சொன்னா. வேற யாரும் வத்தி வைக்கிறதுக்கு முந்தி நாமளே சொல்லிருவோம்னு, மானேஜர் ஐயா பங்களாவுக்கே போயி அழுதேன். "ஐயா, எம்புருசன் கள்ளுக்கடைக்குப் போறாரு, நீங்கதான் கண்டிக்கணும்"னு.

— மானேஜர்கிட்டயா? மானேஜர்கிட்டயா போயிச் சொன்னே?

— ஆமா. தங்கமான மனுசன். கேட்டதும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. இருமு இருமுன்னு இருமுனாரு. "யாருகிட்டயும் மூச்சு விடாத செல்லாயி, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லி, ஒரு டின்னு பிஸ்கட்டு குடுத்தனுப்புனாரு.

— பிஸ்கட்டா? எதுக்கும்மா பிஸ்கட்டு?

— தெரியலையேண்ணே. புள்ளைங்களுக்குன்னு நெனைச்சேன்.

— ஐயாவு, நீ ஏன்பா தலையில கையை வச்சு உக்காந்துட்டே? சிரிக்கிறியா, அழுவுறியா?

— புள்ளைங்க மேல சத்தியம் வாங்கியிருக்காரு கௌஸண்ணே, பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு.

— யாரு வாங்குனது? என்னா சத்தியம்? வாயைத் தொறந்து சொல்லுங்க!

— செம்பனைக்காட்டுக்குள்ள பூந்து யாருக்கும் தெரியாம அந்தக் கடைக்கு நடந்து போற மானேஜரை, சனிக்கெழமை சாயங்காலம் ஏத்திக்கிட்டு வரத்தான்டி நான் அந்த முடுக்குல திரும்புவேன். நாலு வாரமா அந்த மனுசன் மழையில தள்ளாடித் தள்ளாடி நடந்தே பங்களாவுக்குப் போயிருக்காரு!