ஓரத் தையல் முடிந்த நாள்

வெயில் முகத்தில் அடிக்கிறது, நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. இந்த முன்னறையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. உங்கள் மாமியார் தையல் சட்டத்தைப் போட இந்த இடத்தைத்தான் கேட்டார். அவர் வீட்டில் ஒரு போர்வையை முழுதாக விரிக்க இடம் கிடையாது.

கூலி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேசிய கெடு தாண்டி வெகுநாள் கழித்துத்தான் வேலை முடிந்தது. அதற்காக நான் ஒரு காசு பிடிக்கவில்லை. பிடிக்க மனம் வராது. அதோ கட்டிலில் கிடக்கிறது, பாருங்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றும் ஒரே தோல் மாதிரி சேர்ந்திருக்கும். தையல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவினாலும் பிடிபடாது.

ஒட்டுப்போர்வைக்குப் பழைய துணி கேட்டார். அள்ளிக்கொண்டு வந்து போட்டேன். முக்கால்வாசி சாம்பலும் நீலமும். தொலைபேசி இணைப்பகத்தில் சீருடைப் புடவையில் வேலை பார்த்தவளிடம் வேறென்ன நிறம் இருக்கும்.

“யாரோடதுக்கா இதெல்லாம்?”

“எல்லாம் என்னோடதுதான்.”

“வீட்டுல வேற யாரு துணியும் இல்லையா?”

“வேற யாரு இருக்கா.”

அவர் துணிகளை நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கினார். மறுநாள் ஒரு மஞ்சள் துண்டு கொண்டுவந்தார். “என் பொண்ணு சின்னதுல போட்ட கவுன். நடுவுல வச்சுடறேன். இல்லேன்னா போர்வை உம்முன்னு இருக்கும்” என்று சிரித்தார். உங்கள் மனைவியைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது அந்தத் துண்டுதான்.

தைத்துக்கொண்டே பேசுவார். பக்கத்து வீட்டு நாய், குழாயில் தண்ணீர் வராதது, சம்பந்தி வீட்டுப் பெருமை, எல்லாம் வரும். உங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார், கவலைப்பட வேண்டாம். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். இணைத்த கையோடு விலகிவிட வேண்டும், அதுதான் விதி. ஓய்வு பெற்று வந்த பிறகு அந்தக் குரல்களும் நின்றுபோயின. ஒருவர் எதிரில் உட்கார்ந்து என்னிடமே பேசுவது எனக்குப் புதிது.

அதனால் தாமதத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். நேராக ஓடும் வரியைக் கோணல் என்பேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். “எனக்குத் தெரியலையே. சரி, உங்க கண்ணை உறுத்துதுன்னா பிரிச்சுடறேன்” என்பார். பிரிப்பார், மறுபடி தைப்பார். அதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுத்தேன். யாரிடமும் ஓசியில் வேலை வாங்கியவள் இல்லை நான்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், என் வீட்டில் இடம் போதாததால் மாப்பிள்ளை ஊரிலேயே பார்க்கிறார்கள், போர்வையை முடித்ததும் போய்விடுவேன், குழந்தை நடக்கிறவரைக்கும் அங்கேதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசி பழுதாகிவிட்டதால் என் உள்ளறைத் தொலைபேசியில் உங்களைக் கூப்பிட்டு இந்த எண்ணைக் கொடுத்தார். “அக்கா இருக்காங்க மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொன்னா போதும்” என்று அவர் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கடைசி நாள் ஓரத் தையல் மட்டும் பாக்கி. காலையில் கூப்பிட்டீர்கள். வலி முன்னதாகவே வந்துவிட்டது, அத்தையை உடனே அனுப்புங்கள் என்றீர்கள். சரி என்றேன். தலைப்பிரசவம் இழுக்கும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னும் ஒரு பகல், ஓரத்தை முடித்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். குடும்பம் குட்டி உள்ளவர்களுக்கு ஒரு பகல் ஒன்றுமில்லை.

“யாருக்கா போன்ல?”

“தப்பான நம்பர்.”

மதியம் மறுபடி கூப்பிட்டீர்கள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தார். பையன் பிறந்துவிட்டான், இரத்தம் நிற்கவில்லை, அம்மா வந்தாச்சா என்று வாசலையே பார்க்கிறாள் என்றீர்கள். உங்கள் குரல் உடைந்திருந்தது. பதறுகிறவரிடம் நிதானமாகப் பேச எங்களுக்குப் பழக்கம் உண்டு. “கிளம்பிட்டாங்க தம்பி, வழியில இருப்பாங்க” என்றேன். அதைக் கேட்டதும் அவள் அழுகையை நிறுத்திக்கொண்டாள் என்று இப்போது சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த வார்த்தை அவளுக்கு ஏதோ ஆறுதல் தந்திருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் உங்கள் அண்ணன் பேசினார். எல்லாம் முடிந்துவிட்டது, அவங்க அம்மா இன்னும் வந்து சேரவில்லையே என்றார். வண்டி தாமதமாக இருக்கும் என்றேன்.

திரும்பி வந்தபோது உங்கள் மாமியார் யாரென்று கேட்டார். மறுபடியும் தப்பான நம்பர் என்றால் நம்பமாட்டார். “என்கூட வேலை பார்த்தவ. சும்மா பேசணும்னு கூப்பிட்டா” என்றேன்.

ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நல்லதுக்கா. உங்களையும் ஒருத்தர் தேடுறாங்களே. நான் போயிட்டா தனியா என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு ஒரே கவலையா இருந்துச்சு.”

எனக்காக ஒருவர் கவலைப்பட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை தம்பி. அப்படிச் சொன்னவரிடம் அந்த நேரத்தில் எதைச் சொல்வது.

நூலை அறுத்து, மடித்து, என் கையில் கொடுத்தார். பேசிய கூலிக்கு மேலேயே வைத்தேன். அவருக்குக் கூச்சம். “நாள் வேற தள்ளிப்போச்சு, எதுக்குக்கா கூட?” என்றார். பேரனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று வாய்வரை வந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் உங்கள் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது என்கிறீர்கள். அப்படிப்பட்ட செய்தியை வீட்டு மனிதர்கள் சொல்வதுதான் முறை, நான் யார்.

ஆமாம், மூன்று தடவையும் பேசியது நான்தான். சொல்லாமல் வைத்துக்கொண்டதும் நான்தான். வயதானவள், மறந்துவிட்டாள் என்று நீங்களே நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். மறக்கவில்லை. வேலையில் இருந்தபோதும் ஒரு அழைப்பை நான் மறந்ததில்லை.

அவர் இப்போது யாரோடும் பேசுவதில்லை, ஊசியைத் தொடுவதில்லை என்கிறீர்கள். கை சும்மா இருந்தால் துக்கம் கூடத்தான் செய்யும். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். போர்வையில் ஒரு மூலை விட்டுப்போயிருக்கிறது. அவர் தையல் தானாக விடாது, கத்தரி வைத்து நான்தான் பிரித்தேன். முடிந்தபோது வரட்டும், உட்கார்ந்து நிதானமாகத் தைக்கட்டும். குழந்தையை விட்டுவிட்டு வர அவர் தயங்கினால், என் எண் உங்களிடம் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். உடனே சொல்லிவிடுவேன்.